மீட்புச் சொற்கள்: கிரிப்டோ வாலட் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மீட்புச் சொற்கள் என்றால் என்ன? அதுவும் ஒரு பாஸ்வேர்டுதானே?

இல்லை. பாஸ்வேர்டு மறந்துபோனால் மாற்றிக்கொள்ளலாம், மாற்றித் தர ஒரு நிறுவனம் இருக்கும். மீட்புச் சொற்களை மாற்றித் தர உலகத்தில் யாரும் இல்லை.

புதிதாக வாலட் (கிரிப்டோ நாணயத்தைக் கையாளும் ஆப் அல்லது கருவி) தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை வரிசையாகக் காட்டி, எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும். சீட் ஃபிரேஸ் என்று பலரும் சொல்வது அதைத்தான். உங்கள் பிட்காயின், ஈதர் போன்ற நாணயம் போனுக்குள் இல்லை. பென்டிரைவ் மாதிரி இருக்கிற ஹார்டுவேர் வாலட்டுக்குள்ளும் இல்லை. பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் ஒரு முகவரியின் பேரில் வரவாக நிற்கிறது. அந்த முகவரியிலிருந்து எடுத்துச் செலவழிக்கத் தேவையான தனிச்சாவி இந்தச் சொற்களிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படுவது. அதனால் போன் கிணற்றில் விழுந்தாலும் சொற்கள் இருந்தால் பணம் இருக்கிறது. போன் கையிலேயே இருந்தும், சொற்களை வேறொருவர் பார்த்துவிட்டால் அந்தப் பணத்தை அவரும் எடுக்கலாம். அவர் எடுக்கும்போது ஓடிபி வராது, உங்கள் அனுமதியும் கேட்கப்படாது.

மெட்டாமாஸ்க் போன்ற வாலட்டுகளில் தனியாக ஒரு பாஸ்வேர்டும் வைக்கச் சொல்வார்கள். அந்த பாஸ்வேர்டு அந்த ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் நகலைப் பூட்டி வைப்பதற்கு மட்டும். சொற்கள் தெரிந்தவர் வேறு கம்ப்யூட்டரில் புது பாஸ்வேர்டு போட்டு உங்கள் வாலட்டைத் திறந்துவிடுவார். ஹார்டுவேர் வாலட்டின் பின் நம்பரும் அப்படித்தான், அந்தக் கருவிக்கு மட்டுமே காவல்.

எனக்கு எக்ஸ்சேஞ்சில் கணக்கு இருக்கிறது. சொற்கள் எதுவும் தரவில்லையே?

தர மாட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் என்பது கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க உதவும் நிறுவனம். அங்கே இருக்கும் நாணயத்தின் சாவி எக்ஸ்சேஞ்சிடம்தான் இருக்கும். உங்களுக்கு இருப்பது அவர்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டபோது, எந்தத் தவறும் செய்யாத வாடிக்கையாளர்களும் பணம் எடுக்க முடியாமல் காத்திருக்க வேண்டியதாயிற்று. சொந்த வாலட்டில் அந்தச் சார்பு இல்லை. அதற்குப் பதிலாக எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில். இந்தப் பக்கத்தில் வரும் மற்றவை எல்லாம் சொந்த வாலட் வைத்திருப்பவர்களுக்கானவை.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன?

பெரும்பாலான வாலட்டுகள் பிப்39 என்ற பொது முறையைப் பின்பற்றுகின்றன. 2013-ல் முன்மொழியப்பட்டது. அதில் 2048 சொற்கள் கொண்ட நிலையான பட்டியல் உண்டு. அகரவரிசையில் முதல் சொல் அபாண்டன், கடைசிச் சொல் ஜூ. இந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரகசியம் சொற்களில் இல்லை. எந்தச் சொற்கள், எந்த வரிசையில் என்பதில்தான் இருக்கிறது.

வாலட் முதலில் 128 பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம் ஒரு பிட்) நீளமுள்ள எண் ஒன்றை, குலுக்கல் போல, தற்செயலாக எடுக்கிறது. சாதாரண எண்ணாக எழுதினால் 39 இலக்கம் வரை போகும். அந்த எண்ணிலிருந்தே கணக்கிட்ட 4 பிட் சரிபார்ப்பு எண்ணைக் கடைசியில் ஒட்டுகிறது. மொத்தம் 132 பிட். அதை 11 பிட் துண்டுகளாக வெட்டினால் 12 துண்டு. 11 பிட்டில் 2048 எண்கள் அடங்கும் என்பதால் ஒவ்வொரு துண்டும் பட்டியலில் ஒரு சொல்லைக் காட்டும். 24 சொல் வாலட்டில் 256 பிட்டோடு 8 பிட் சரிபார்ப்பு சேரும்.

இதனால்தான் கடைசிச் சொல்லை இஷ்டத்துக்குப் போட முடியாது. 12 சொல் வாலட்டில் முதல் 11 சொற்கள் முடிவாகிவிட்டால், 12-வது இடத்தில் 2048-ல் 128 சொற்கள்தான் பொருந்தும். 24 சொல் வாலட்டில் 8 மட்டுமே. மீட்கும்போது ஒரு சொல்லை மாற்றி அடித்தால் வாலட் பெரும்பாலும் பிழை காட்டும். பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல: 12 சொல்லில் தப்பான சேர்க்கை 16-ல் ஒன்று, 24 சொல்லில் 256-ல் ஒன்று, சரிபார்ப்பைத் தாண்டிவிடும். அப்போது பிழைச் செய்தி வராது. காலியான வேறொரு வாலட் திறக்கும்.

எனக்குப் பிடித்த 12 சொற்களை நானே தேர்ந்தெடுக்கலாமா?

வேண்டாம். மனிதர் தேர்ந்தெடுப்பது தற்செயல் ஆகாது. அபாண்டன் என்பதை 11 முறை எழுதி, 12-வதாக அபவுட் என்று போட்டால் சரிபார்ப்பில் தேறும் வாலட் கிடைக்கும். புரோகிராமர்கள் சோதனைக்குப் பயன்படுத்துவது அது. அதற்கு வரும் பணத்தை எடுக்கவென்றே ஆட்கள் தானியங்கி புரோகிராம்களை ஓடவிட்டிருக்கிறார்கள்.

மென்பொருளே சரியாகக் குலுக்காமல் போனதும் உண்டு. லிப்பிட்காயின் என்ற கருவித்தொகுப்பில் இருந்த ஒரு கட்டளை 32 பிட் அளவுக்கே குலுக்கியது 2023-ல் தெரியவந்தது. அது தந்த சொற்கள் 24 ஆகவே இருந்தாலும், சாத்தியங்கள் வெறும் 429 கோடிக்குள் அடங்கிவிட்டன. கம்ப்யூட்டருக்கு அது சிறிய வேலை. திருடர்கள் முந்திக்கொண்டார்கள். ஆகவே பலரும் ஆராய்ந்து பார்த்த, மூல நிரல் திறந்திருக்கிற வாலட்டையோ நல்ல ஹார்டுவேர் வாலட்டையோ தேர்ந்தெடுங்கள். சில ஹார்டுவேர் வாலட்டுகளில் தாயக்கட்டையை உருட்டி எண்களை நீங்களே கொடுக்கலாம். ஆறு முகக் கட்டையை 50 முறை உருட்டினால் 128 பிட்டுக்குச் சற்று மேலேயே கிடைக்கும்.

12 சொல் போதுமா, 24 வேண்டுமா?

12 போதும். ஒழுங்காகக் குலுக்கிய 128 பிட்டை ஊகித்துத் திறக்கும் கம்ப்யூட்டர் இன்று இல்லை. 24 சொல் எழுத வேண்டியிருப்பதால் எழுத்துப் பிழைக்கான வாய்ப்பும் இரட்டிப்பு. கருவி 24 கொடுத்தால் 24-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகக் கருவியை மாற்ற வேண்டாம். ட்ரெசர் என்ற ஹார்டுவேர் வாலட்டின் புதிய கருவிகளில் 20 சொல் வரும். அது வேறு முறை, வேறு பட்டியல். மொனேரோ நாணயத்தின் வாலட் 25 சொல் தரும், எலக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட் 12 சொல் தந்தாலும் அதன் சரிபார்ப்பு வேறு விதம். எனவே சொற்களோடு எந்த வாலட்டில் உருவாக்கியது என்பதையும் குறித்து வையுங்கள்.

தமிழ் எழுத்தில் எழுதி வைக்கலாமா? வீட்டில் வேறு யாருக்கும் புரியாதே.

இது எங்களிடம் வரும் கேள்விகளில் மிகவும் கவலை தருவது. எழுதியவருக்கே பின்னால் புரியாமல் போகும்.

பிப்39-ல் ஜப்பானியம், கொரியம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்த்துகீசியம், சீனம் ஆகிய மொழிகளுக்குச் சொற்பட்டியல் உண்டு. தமிழுக்கு இல்லை. ஆகவே தமிழில் எழுதுவது என்றால் ஆங்கிலச் சொல்லின் ஒலியைத் தமிழில் எழுதுவதுதான். அங்கேதான் சிக்கல். தாளில் "ரைட்" என்று இருக்கிறது என்று வையுங்கள். அது வலது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லா, எழுது என்பதா, சவாரி என்பதா? மூன்றுமே அந்த 2048-ல் இருக்கின்றன. "கார்ட்" என்றால் சீட்டா, மாட்டுவண்டியா? இரண்டும் உண்டு. "பல்ப்" என்றால் மின்விளக்கா, பழக்கூழா? இரண்டும் உண்டு. இந்த மூன்று சொல்லும் ஒரே தாளில் வந்தால் 3 × 2 × 2, அதாவது 12 சேர்க்கைகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவாவது முடியும். அர்த்தத்தை மொழிபெயர்த்து எழுதினால் நிலைமை இன்னும் மோசம். "மகிழ்ச்சி" என்று எழுதியதற்கு மூலச் சொல் எது என்று பத்து வருடம் கழித்து யார் சொல்வது?

ஆங்கிலத்திலேயே, பெரிய எழுத்தில் எழுதுங்கள். தாளில் தலைப்பு, குறிப்பு, வாலட் பெயர், தேதி இவை தமிழில் இருக்கட்டும்.

எழுதும்போது என்னென்ன தவறு நடக்கிறது?

முதலாவது, வரிசை. சில வாலட்டுகள் சொற்களை இரண்டு பத்தியாகக் காட்டும். இடப்பத்தியில் 1 முதல் 6, வலப்பத்தியில் 7 முதல் 12. வேறு சிலவற்றில் குறுக்காக 1, 2 என்று போய் அடுத்த வரியில் 3, 4 வரும். எண்ணைப் பார்க்காமல் எழுதினால் வரிசை குலைந்துவிடும். முதலில் 1 முதல் 12 வரை எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் சொல்லை நிரப்புங்கள்.

இரண்டாவது, கையெழுத்து. ஆங்கிலக் கூட்டெழுத்தில் 'நட' என்பதும் 'சுவர்' என்பதும் ஒன்றுபோலத் தெரியும். கடைசி எழுத்து மட்டுமே வேறு, பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. தனித்தனிப் பெரிய எழுத்தாக எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, மை. ஜெல் பேனா, மைப்பேனா, இங்க்ஜெட் பிரிண்ட் எல்லாம் ஈரம் பட்டால் கரைந்து ஓடும். ஏடிஎம் ரசீது போன்ற வெப்பத் தாளில் எழுத்து சில வருடத்தில் மறைந்துவிடும். சாதாரணப் பென்சில் எழுத்து நீரில் கரையாது, வெளுக்காது. பால்பாயின்ட் பேனாவும் பரவாயில்லை. எழுதியதை ஜிப் பையில் போட்டு மூடுங்கள்.

எழுதி முடித்ததும் திரையைப் பார்த்து ஒருமுறை, கீழிருந்து மேலாக இன்னொரு முறை ஒப்பிடுங்கள். கீழிருந்து படிக்கும்போது கண் ஊகித்துத் தாண்டிப் போகாது. இரண்டாவது பிரதியை முதல் பிரதியைப் பார்த்து எழுதாமல், மறுபடியும் திரையைப் பார்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே பிழை இரண்டிலும் இருக்கும். ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். அந்த இயந்திரங்கள் பலவற்றில் நகல் உள்ளேயே பதிந்து நிற்கும். பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்புவது பீரோ சாவியைக் கடையில் கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம்.

போனில் போட்டோ எடுத்து வைத்தால்?

எடுத்த அந்த நிமிடமே அது போனோடு நிற்பதில்லை. கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் போன்றவை தாமாகவே மேலேற்றிவிடும். அழித்தாலும், மேலேறிய படம் கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும்.

கேலரியைத் துழாவும் ஆப்புகளும் உண்டு. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற தீங்கு நிரலைப் பற்றி வெளியிட்டது. கூகுள் பிளே ஸ்டோரிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்த சில ஆப்புகளுக்குள்ளேயே அது புகுந்திருந்தது. படங்களில் உள்ள எழுத்தைப் படித்து, மீட்புச் சொற்கள் போலத் தெரிந்தவற்றை வெளியே அனுப்பியது. அதிகாரபூர்வ ஸ்டோரிலிருந்து இறக்கினேன் என்பது இங்கே காப்பாற்றவில்லை.

ஜிமெயில் டிராஃப்ட், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிய செய்தி, நோட்ஸ் ஆப் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இணையத்தோடு பேசும் எதிலும் அந்தச் சொற்கள் ஒருமுறைகூடப் பதியக் கூடாது. பாஸ்வேர்டு மேனேஜரில் வைப்பதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் மறையாக்கிய பிரதிகள் திருடுபோயின. மாஸ்டர் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தவர்களின் பெட்டகத்தைத் திருடர்கள் ஆற அமர உடைக்கலாம். மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றிவிடலாம். மீட்புச் சொற்களை மாற்ற முடியாது.

ஸ்டீல் தகட்டில் பதிப்பது அவசியமா? வீட்டிலேயே செய்யலாமா?

வாலட்டில் இருக்கும் தொகை போனால் வருந்துவீர்கள் என்றால் அவசியம். காகிதத்துக்குத் தீ, நீர், கரையான் மூன்றும் எதிரி. அலுமினியத் தகடு வேண்டாம், 660 டிகிரியில் உருகிவிடும். வீட்டுத் தீ அதைத் தாண்டுவது சாதாரணம். துருப்பிடிக்காத எஃகு உருக 1400 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும்.

பட்டறையில் வெட்டித் தரும் 304 ரகத் தகடு, 2 மில்லிமீட்டர் கனம், உள்ளங்கை அளவு போதும். ஹார்டுவேர் கடையில் எழுத்துப் பஞ்ச் செட் (அடித்து எழுத்தைப் பதிக்கும் கம்பிகள்) கிடைக்கும், 3 அல்லது 4 மில்லிமீட்டர் எழுத்தில் வாங்குங்கள். முழுச் சொல்லையும் அடிக்க வேண்டியதில்லை. பிப்39 பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது. 12 சொல்லுக்கு அதிகபட்சம் 48 எழுத்து, 24-க்கு 96. மூன்றெழுத்துச் சொல் வந்தால் நான்காவது இடத்தில் ஒரு கோடு அடித்துவிடுங்கள், பின்னால் பார்ப்பவர் எழுத்து விட்டுப்போனதாக நினைக்கமாட்டார்.

தகட்டை மரப்பலகை மேல் வைத்து அடித்தால் துள்ளி, எழுத்து இரட்டையாக விழும். கனமான இரும்புக் கட்டை மேல் வைத்து, எழுத்துப் பஞ்ச்சை நேராகப் பிடித்து, ஒரே அடியாக அடியுங்கள். முதலில் வேறு துண்டில் பத்து எழுத்து அடித்துப் பழகுங்கள். சொல்லின் எண்ணையும் முன்னால் அடிக்கத் தவறாதீர்கள். பெயர்ப்பலகை செதுக்கும் கடையில் கொடுத்துச் செய்யக் கூடாது. செதுக்குபவர் ஒவ்வொரு சொல்லையும் படித்துத்தான் செதுக்குவார், அவர் கம்ப்யூட்டரிலும் அது இருக்கும்.

வீட்டில் எங்கே வைப்பது? வங்கி லாக்கர் சரியா?

நம் வீடுகளில் இந்தத் தாளுக்குத் திருடனைவிட வீட்டுச் சுத்தம்தான் ஆபத்து. போகிக்கு முந்தின வாரம் பரணிலிருந்து எல்லாம் இறங்கும். ஆங்கிலத்தில் பன்னிரண்டு சொல் எழுதிய தாள், பிள்ளைகளின் பழைய நோட்டுத் தாள் போலத்தான் தெரியும். பழைய பேப்பர்காரரிடம் போகும், அல்லது தீயில் போகும். எனவே வெறும் தாளாக எங்கும் செருகி வைக்காதீர்கள். ஒட்டிய உறைக்குள் போட்டு, வீட்டுப் பத்திரம், நகை ரசீது இருக்கும் பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டியை யாரும் கேட்காமல் கழிக்கமாட்டார்கள். உறையின் மேல் கிரிப்டோ என்று எழுதாதீர்கள்.

இரண்டு பிரதி, இரண்டு இடம் என்பது குறைந்தபட்சம். ஒரே தெருவில் இரண்டு வீடு என்றால் அது ஒரே இடம்தான், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஒரு பகுதி முழுவதும் சேர்ந்தே மூழ்கியது. ஒரு பிரதி வீட்டில், மற்றது வேறு ஊரில் உள்ள பெற்றோர் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ இருக்கலாம். லாக்கருக்கு நாமினி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இந்தியாவில் தீ, திருட்டு, வங்கி ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்குக்கு மேல் போகாது, இயற்கைப் பேரிடருக்குப் பொறுப்பில்லை. அதனால் லாக்கரிலும் தாளைவிடத் தகடு நல்லது.

பாதிச் சொற்களை ஓரிடத்திலும் பாதியை வேறிடத்திலும் வைத்தால் பாதுகாப்பு கூடுமா?

குறையும். ஒரு பாதி தொலைந்தாலே உங்களுக்கு எல்லாம் போய்விடும், ஆக இரண்டில் எது கெட்டாலும் இழப்பு. திருடனுக்கோ பாதி வேலை முடிந்துவிட்டது.

12 சொல்லை மூன்று தாளில் பிரித்து, எந்த இரண்டு சேர்ந்தாலும் முழுமையாகும்படி, தாளுக்கு 8 சொல் வீதம் எழுதுவதும் உண்டு. புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் ஒரு தாள் கிடைத்தவருக்கு 4 சொல்தான் பாக்கி. 2020-ல் ஒரு போட்டியில் 8 சொற்களை வெளியிட்டு, மீதியைக் கண்டுபிடிப்பவருக்கு 1 பிட்காயின் என்று அறிவித்தார்கள். ஒருவர் வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் செயலிகளை வைத்து சுமார் ஒரு லட்சம் கோடி சேர்க்கைகளை 30 மணி நேரத்தில் முயன்று எடுத்துவிட்டார்.

வரிசையைக் கலைத்து எழுதுவதும் வீண். 12 சொல்லை 47.9 கோடி விதமாகத்தான் அடுக்க முடியும். அதில் 16-ல் ஒன்றுதான் சரிபார்ப்பில் தேறும், ஆக 3 கோடி. கம்ப்யூட்டருக்குச் சின்ன வேலை, கலைத்த முறையை மறந்த உங்களுக்குப் பெரிய தலைவலி.

பிரித்து வைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த ஸ்லிப்39 முறை உண்டு. மூன்று பங்கில் எந்த இரண்டு இருந்தாலும் வாலட் திறக்கும். ஒரு பங்கு மட்டும் கிடைத்தவருக்கு எந்தத் துப்பும் கிடைக்காது. ஒவ்வொரு பங்கும் 20 அல்லது 33 சொல். எல்லா வாலட்டும் இதை ஏற்பதில்லை என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

25-வது சொல் என்கிறார்களே, அது என்ன?

பாஸ்ஃபிரேஸ். பெயர்தான் சொல், உண்மையில் நீங்களே வைக்கும் எந்த நீள வாசகமும் ஆகலாம். மீட்புச் சொற்களோடு அதைச் சேர்த்தால் முற்றிலும் வேறொரு வாலட் பிறக்கும். தாள் திருடுபோனாலும் பாஸ்ஃபிரேஸ் தெரியாதவர் உங்கள் பணத்தைப் பார்க்க முடியாது.

இதன் குணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தப்பான பாஸ்ஃபிரேஸ் என்று ஒன்று கிடையாது. பெரிய எழுத்துக்குப் பதில் சிறிய எழுத்து, கடைசியில் ஒரு இடைவெளி, எதுவானாலும் ஒரு வாலட் திறக்கும், காலியாக. பிழைச் செய்தி வராது. அதனால் பாஸ்ஃபிரேஸை நினைவில் மட்டும் வைப்பது ஆபத்து. அதையும் எழுதி, சொற்கள் இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறோர் இடத்தில் வையுங்கள். சிறிய தொகை வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. திருட்டைவிட மறதியால் இழப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

எழுதியது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் போடுவதற்கு முன்னால் ஒத்திகை பாருங்கள். வாலட்டின் முதல் முகவரியைக் குறித்துக்கொண்டு, 200, 300 ரூபாய் அளவுக்குச் சிறு தொகை அனுப்புங்கள். பிறகு கருவியில் உள்ளதை முழுவதுமாக அழித்துவிடுங்கள். தாளை மட்டும் பார்த்து வாலட்டை மீட்டெடுங்கள். அதே முகவரி, அதே தொகை வந்தால், அதிலிருந்து ஒரு சிறு தொகையை வெளியே அனுப்பியும் பாருங்கள். அதன் பிறகே பெரிய தொகை. ஏற்கெனவே பணம் இருக்கும் கருவியை அழிக்கப் பயமாக இருந்தால், லெட்ஜர், ட்ரெசர் ஆகிய இரண்டு ஹார்டுவேர் வாலட்டுகளிலும் அழிக்காமலே சொற்களைச் சரிபார்க்கும் வசதி உண்டு. சொற்களைக் கருவியிலேயே உள்ளிட வேண்டும், இணையதளத்தில் அல்ல.

சொற்களைச் சரியாகப் போட்டேன், வாலட் திறந்தது. ஆனால் பேலன்ஸ் 0 காட்டுகிறது!

பதற வேண்டாம். பதறும்போதுதான் உதவி செய்கிறேன் என்று வருபவரிடம் சொற்களைக் கொடுத்துவிடுவார்கள். முதலில் பழைய முகவரியைப் பிளாக்செயின் எக்ஸ்ப்ளோரரில் (பிளாக்செயினில் உள்ளதை யாரும் பார்க்க உதவும் இணையதளம்) தேடுங்கள். பணம் அங்கேயே இருந்தால், வாலட் வேறு முகவரியைப் பார்க்கிறது என்று பொருள்.

ஒரே சொற்களிலிருந்து எண்ணற்ற முகவரிகள் பிறக்கும், எந்தக் கிளையில் தேடுவது என்பதற்கு ஒரு பாதை உண்டு. ஈதருக்குப் பெரும்பாலும் 44'/60'/0'/0/0. பிட்காயினில் 1 என்று தொடங்கும் பழைய முகவரிக்கு 44, 3 என்று தொடங்கும் முகவரிக்கு 49, பிசி1 கியூ என்று தொடங்கும் முகவரிக்கு 84. பழைய வாலட் 49-ல் வைத்ததைப் புது வாலட் 84-ல் தேடினால் 0 தான் வரும். அமைப்புகளில் முகவரி வகையை மாற்றிப் பாருங்கள். பாஸ்ஃபிரேஸ் வைத்திருந்தீர்களா என்று யோசியுங்கள். இரண்டாவது, மூன்றாவது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். டோக்கன் (ஒரு பிளாக்செயினின் மேல் உருவாக்கிய வேறு நாணயம்) என்றால் சரியான நெட்வொர்க்கில், அதாவது சரியான பிளாக்செயினில், இருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

இன்னொரு காரணம் பலருக்கும் தெரியாது. மெட்டாமாஸ்க்கில் தனிச்சாவி கொடுத்து வெளியிலிருந்து சேர்த்த கணக்கு, மீட்புச் சொற்களுக்குள் அடங்காது. அதன் தனிச்சாவியைத் தனியே எழுதி வைத்திருந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

ஒரு சொல் அழிந்துவிட்டது. மீட்க முடியுமா?

முடியும். எந்த இடம் என்று தெரிந்தால் 2048 சொல்லையும் போட்டுப் பார்க்கலாம். 12 சொல் வாலட்டில் 128 மட்டுமே தேறும். இரண்டு சொல் என்றால் சுமார் 42 லட்சம் சேர்க்கை, அதுவும் சாதாரணக் கம்ப்யூட்டரால் ஆகும். பிடிசிரிகவர் போன்ற திறந்த மூலக் கருவி இதற்கென்றே இருக்கிறது. இணையத்தைத் துண்டித்த கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். வாலட்டின் ஒரு பழைய முகவரி தெரிந்திருந்தால் வேலை எளிது.

வாலட் கம்பெனியின் சப்போர்ட் என்று ஒருவர் டெலிகிராமில் பேசுகிறார். சரிபார்க்கச் சொற்களைக் கேட்கிறார்.

திருடர். விதிவிலக்கே இல்லை. எந்த வாலட் நிறுவனத்துக்கும் எந்த வேலைக்கும் உங்கள் சொற்கள் தேவைப்படாது. வாலட்டைச் சரிசெய்ய, ஏர்டிராப் (இலவச நாணயம்) வாங்க, கேஒய்சி முடிக்க, ஒத்திசைக்க என்று எந்தப் பெயரில் சொற்களைக் கேட்கும் பெட்டி திரையில் திறந்தாலும் மூடிவிடுங்கள்.

தபாலிலும் வரும். 2020-ல் லெட்ஜர் வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி உள்ளிட்ட விவரங்கள் கசிந்தபின், நிறுவனத்தின் பெயரில் போலிக் கடிதங்களும், சொற்களைப் பிடுங்கும்படி மாற்றியமைத்த போலிக் கருவிகளும் பலர் வீட்டுக்கு வந்தன. புதிதாக வாங்கிய ஹார்டுவேர் வாலட் பெட்டியில் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்டு இருந்தால், அந்த வாலட் விற்றவருடையது. பயன்படுத்தாதீர்கள்.

ஒருவர் தன் சொற்களை யூடியூப் கமெண்டில் போட்டு, பணத்தை எடுக்க உதவி கேட்கிறார். உண்மையா?

தூண்டில். திறந்து பார்த்தால் யுஎஸ்டிடி (டாலர் மதிப்பில் நிற்கும் நாணயம்) இருக்கும். வெளியே அனுப்ப டிஆர்எக்ஸ் என்ற வேறொரு நாணயத்தில் கட்டணம் கேட்கும். நீங்கள் கட்டணத்துக்காகப் போடும் டிஆர்எக்ஸ் உடனே வேறு முகவரிக்குப் போய்விடும். அந்தக் கணக்கின் அனுமதிகள் முன்பே வேறொரு சாவிக்கு மாற்றப்பட்டிருக்கும், அதனால் அந்த யுஎஸ்டிடியை உங்களால் ஒருபோதும் எடுக்க முடியாது.

சொற்களைக் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பாஸ்வேர்டை மாற்றுவதில், ஆப்பை அழிப்பதில் நேரம் போக்காதீர்கள். அந்தச் சொற்கள் இனி பாழ். வேறு சுத்தமான கருவியில் புதுச் சொற்களோடு புது வாலட் தொடங்கி, மதிப்பு கூடியதிலிருந்து ஆரம்பித்து உடனே மாற்றுங்கள். மற்ற நெட்வொர்க்குகளில் அதே சொற்களில் இருப்பதையும் மறக்க வேண்டாம், திருடர் முதலில் ஒன்றைத்தான் பார்த்திருக்கலாம். கட்டணத்துக்காகப் போடும் தொகை போட்டவுடன் மறைந்தால், தானியங்கி புரோகிராம் ஒன்று அங்கே காத்திருக்கிறது என்று அர்த்தம். மேலும் போட்டுப் போட்டு இழக்காதீர்கள்.

சொற்களைக் கொடுக்காமல், ஏதோ தளத்தில் ஒப்புதல் பொத்தானை மட்டும் அழுத்தியிருந்தால் நிலைமை வேறு. அந்த டோக்கன் ஒப்புதலை (உங்கள் டோக்கனை எடுக்கக் கொடுத்த அனுமதியை) ரத்து செய்தால் போதும், சொற்கள் பத்திரமாகவே இருக்கின்றன.

இந்தியாவில் 1930 எண்ணுக்கு அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பரிவர்த்தனை ஹாஷ் (பரிவர்த்தனையின் அடையாளக் குறி), திருடரின் வாலட் முகவரி, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்திருங்கள். திருடிய பணம் ஒரு எக்ஸ்சேஞ்சுக்குப் போனால் முடக்கக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு, அதற்கு வேகம் முக்கியம். கட்டணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று பின்னாலேயே வருபவர்களும் திருடர்களே.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு எப்படிக் கிடைக்கும்?

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ நாணயம் சொத்து என்று ஓர் உத்தரவில் சொன்னது. சொத்து என்றால் வாரிசுக்கு உரிமை உண்டு. ஆனால் சொந்த வாலட்டை எந்த நீதிமன்ற உத்தரவாலும் திறக்க முடியாது, சொற்களால்தான் முடியும்.

உயிலில் சொற்களை எழுதாதீர்கள். ஆவண எழுத்தர், சாட்சிகள், பத்திரப்பதிவு அலுவலகம் என்று பல கண்கள் படும். உயிலில் இப்படி ஒரு சொத்து இருக்கிறது என்பது மட்டும் போதும். தனியாகத் தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்த வாலட், எத்தனை சொல், பாஸ்ஃபிரேஸ் உண்டா இல்லையா, தகடு எந்த ஊரில் எந்தப் பெட்டியில், எந்த எக்ஸ்சேஞ்சில் விற்கலாம், யாரிடமும் சொற்களைச் சொல்லக் கூடாது, போனில் யார் உதவிக்கு வந்தாலும் நம்பக் கூடாது. சொற்கள் அந்தக் கடிதத்தில் இருக்கக் கூடாது. துணைவரையோ பிள்ளையையோ பக்கத்தில் உட்கார வைத்து, 500 ரூபாய் மட்டும் உள்ள வேறொரு சோதனை வாலட்டை அவர்கள் கையாலேயே ஒருமுறை மீட்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ, கடிதத்தில் அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.